திரும்பி வருவதற்கும் உபகாரச் சம்பளம் வேண்டும்

“டீச்சர், அந்தப் பனிக்கட்டியை ஏன் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போகவேண்டும்? அங்கேயே ஆராய்ச்சி செய்தால் என்ன?”

படிவம் நான்கு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. பருவநிலை மாற்றம் பற்றிய பாடத்தில் நான் ஒரு செய்தியைச் சொல்லியிருந்தேன். 2025-ஆம் ஆண்டு தஜிகிஸ்தான் நாட்டின் பாமிர் மலையில், ஏறக்குறைய 5,800 மீட்டர் உயரத்தில், பல நாட்டு விஞ்ஞானிகள் பனிமுகடு ஒன்றில் துளையிட்டார்கள். ஒவ்வொன்றும் 100 மீட்டருக்கு மேல் ஆழம் கொண்ட இரண்டு பனித்தூண்களை வெட்டி எடுத்தார்கள். ஒன்று அண்டார்க்டிகாவில் உள்ள பனிக் காப்பகத்துக்கு. மற்றொன்று ஜப்பானின் சப்போரோ நகரிலுள்ள ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்கு.

பனித்தூண் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலை உச்சியில் ஆண்டுதோறும் விழும் பனி, அடுக்கடுக்காகப் படிந்து இறுகுகிறது. கீழே போகப்போக அது பழைய காலத்துப் பனி. அதில் சிக்கிய தூசி அன்றைய வறட்சியைச் சொல்லும். நீரில் உள்ள ஆக்சிஜன்-18 எனும் கனமான ஆக்சிஜனின் விகிதம் அன்றைய வெப்பநிலையைச் சொல்லும். காகிதத்தில் யாரும் எழுதி வைக்காத வானிலைக் குறிப்பேடு அது. ஒருமுறை உருகிவிட்டால் மீண்டும் கிடைக்காது.

மாணவிக்கு நான் சொன்ன பதில் சரியான பதில்தான். பனித்தூணை உருகாமல் வைக்க எந்நேரமும் உறைநிலைக்குக் கீழே இருக்கும் அறை வேண்டும். தூசி நுழையாத ஆய்வுக்கூடம் வேண்டும். ஐசோடோப்பை அளக்கும் விலையுயர்ந்த கருவி வேண்டும். எல்லாவற்றுக்கும் தடையில்லாத மின்சாரம் வேண்டும். தஜிகிஸ்தானின் பல பகுதிகளில் குளிர்காலத்தில் மின்சாரமே பங்கிட்டுத்தான் கொடுக்கப்படுகிறது.

அவள் விடவில்லை. “அப்படியானால் அந்த ஊர் பிள்ளைகள் தங்கள் மலையைப் பற்றிப் படிக்க ஜப்பானுக்குத்தான் போகவேண்டுமா?”

அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. “உபகாரச் சம்பளம் இருக்கிறது, போகலாம்” என்று சொல்லி மணியடித்ததும் வெளியேறிவிட்டேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலை முழுமையாக்கும் முயற்சி. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: மத்திய ஆசிய மாணவர்களை வெளியே அனுப்பும் உபகாரச் சம்பளங்களுக்கு இன்று குறைவில்லை. அவர்கள் திரும்பி வந்து அறிவியல் செய்வதற்கான ஏற்பாடுதான் குறைவு. அந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அதை ‘முழு’ உபகாரச் சம்பளம் என்று சொல்ல முடியும்.

திறந்திருக்கும் கதவுகள்

மத்திய ஆசியா என்பது கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகள். மொத்தம் ஏறக்குறைய 8 கோடி மக்கள். 1991 வரை இவை சோவியத் ஒன்றியத்தின் பகுதிகள். கெட்டிக்கார மாணவர்கள் மாஸ்கோவுக்கோ லெனின்கிராடுக்கோ போய்ப் படித்தார்கள். ஒன்றியம் உடைந்ததும் அந்தப் பாதை குறுகியது. ஆய்வு நிலையங்களுக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது.

அதற்குப் பின் புதிய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. துருக்கி 1992-இல் தன் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த புதிய நாடுகளின் மாணவர்களுக்காகப் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் இன்றைய வடிவம்தான் ‘துர்க்கியே புர்ஸ்லாரி’. ஜப்பான் 1999-இல் இளம் அரசாங்க அதிகாரிகளுக்கான ஜே.டி.எஸ். திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் சேர்த்துக்கொண்ட நாடுகளில் உஸ்பெகிஸ்தானும் ஒன்று. அமெரிக்காவின் ஃபுல்பிரைட், பிரிட்டனின் செவனிங், ஜெர்மனியின் டாட், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ், ஹங்கேரி, கொரியா, சீனா ஆகியவற்றின் அரசாங்க உபகாரச் சம்பளங்கள் என்று பட்டியல் நீளும். கட்டணம், தங்கும் செலவு, மாதப்படி என்று பெரும்பகுதிச் செலவை இவை ஏற்றுக்கொள்கின்றன.

அந்த நாடுகளே நடத்தும் திட்டங்களும் உண்டு. கஜகஸ்தான் சுதந்திரம் பெற்று இரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகாத நிலையில், 1993 நவம்பரில் ‘போலஷாக்’ திட்டத்தைத் தொடங்கியது. கஜக் மொழியில் அதற்கு ‘எதிர்காலம்’ என்று பொருள். பணவீக்கம் தலைவிரித்தாடிய, சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காத காலம் அது. அப்போதும் பிள்ளைகளை உலகின் சிறந்த பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப ஓர் அரசாங்கம் பணம் ஒதுக்கியது. இதுவரை 10,000-க்கும் அதிகமானோர் அதன்மூலம் படித்திருக்கிறார்கள். உஸ்பெகிஸ்தான் 2018-இல் ‘எல்-யுர்ட் உமிடி’ அறநிதியத்தை அமைத்தது. ‘நாட்டின் நம்பிக்கை’ என்று அதைச் சொல்லலாம்.

எதிர்காலம், நம்பிக்கை. பெயர்களிலேயே எவ்வளவு ஏக்கம் பாருங்கள்.

கதவுவரை வரும் வழி

‘முழுச் செலவும் எங்களுடையது’ என்று விளம்பரம் சொல்லும். ஆனால் அந்தக் கதவுவரை நடந்து வரும் செலவு மாணவருடையது. ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், சான்றிதழ்களை மொழிபெயர்த்து உறுதிப்படுத்தும் செலவு, நேர்முகத்துக்குப் பயணம், சில நாடுகளின் விசாவுக்காகப் பக்கத்து நாட்டுத் தூதரகம்வரை போய்வரும் செலவு என எல்லாம் முதலில் கையிலிருந்துதான் போகும்.

பாமிர் மலையிலுள்ள ஹோரோக் நகரத்துப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தலைநகர் துஷான்பே 500 கிலோமீட்டருக்கும் அப்பால். நடுவே மலைப்பாதை. அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது ஷுக்னி மொழி. பள்ளியில் தஜிக். அறிவியல் நூல்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழியில். உபகாரச் சம்பளத் தேர்வோ ஆங்கிலத்தில். நான்காவது மொழியில் தன் கனவை 500 சொல்லில் எழுதிக் காட்டவேண்டும்.

தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் அறிவியலைப் பழகி, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறிய நம் பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் புரியும். எனக்கும் புரியும். ‘அடர்த்தி’, ‘கெத்தும்பாத்தான்’, ‘டென்சிட்டி’ மூன்றும் ஒன்றே என்று தெரிந்துகொள்ள எனக்கே கொஞ்ச காலம் பிடித்தது. ஆகவே தலைநகரத்தில், ஆங்கிலம் புழங்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கே இந்தக் கதவுகள் எளிதில் திறக்கின்றன. மலையடிவாரத்துப் பிள்ளைதான் பனியாற்றைத் தினமும் பார்க்கிறது. பனியாற்று அறிவியல் படிக்கப் போகிறவர்களில் அந்தப் பிள்ளை இல்லாவிட்டால் அது அறிவியலுக்கே இழப்பு.

வீட்டை ஈடு வைத்துப் படிப்பு

போகிறவர் திரும்பவேண்டுமே என்ற கவலை கொடுப்பவர்கள் எல்லாருக்கும் உண்டு. செவனிங் பெற்றவர் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிக் குறைந்தது 2 ஆண்டுகள் இருக்கவேண்டும். ஃபுல்பிரைட் பெற்றவருக்கும் அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டப்படி 2 ஆண்டு விதி உண்டு. போலஷாக் இன்னும் கண்டிப்பானது. படித்தவர் நாடு திரும்பி 5 ஆண்டுகள் வேலை செய்யவேண்டும். பெரிய நகரங்களை விட்டு வெளிமாநிலங்களுக்குப் போனால் அந்தக் காலம் குறையும். இதற்கு ஈடாகக் குடும்பத்தின் வீட்டையோ மற்ற அசையாச் சொத்தையோ காட்டவேண்டும். உத்தரவாதம் கொடுப்போரும் தேவைப்படலாம். மகன் திரும்பாவிட்டால் பெற்றோரின் வீட்டுக்கு ஆபத்து.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. மலேசியாவில் பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளத்திலும், சிங்கப்பூரில் அரசாங்க உபகாரச் சம்பளங்களிலும் ஒப்பந்தம் உண்டு. வரிப்பணத்தில் படித்தவர் மக்களுக்குத் திரும்பச் செய்யவேண்டும் என்பதில் தவறேயில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைக் கேளுங்கள். வெளிநாட்டில் பொருளறிவியலில் நல்ல தேர்ச்சியோடு திரும்பினார். ஒப்பந்தப்படி அவருக்கு வேலையும் கிடைத்தது. கோப்புகளைச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்பும் வேலை. ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் முடிந்த மாதமே போய்விட்டார். ஆள் ஐந்தாறு ஆண்டுகள் இங்கே இருந்தார். அவர் படித்த படிப்பு ஒரு நாள்கூட இங்கே வேலை செய்யவில்லை.

ஒப்பந்தம் ஒருவரைத் திரும்பி வரவைக்கும். வந்தவருக்கு மேசை, கருவி, சக ஆய்வாளர், படிக்க ஆய்விதழ் எதையும் அது தராது. அறிவியலில் ஐந்து ஆண்டுகள் கை வைக்காமல் இருந்தால், பயிற்சி துருப்பிடித்துவிடும்.

பனியாற்றின் வரவு செலவுக் கணக்கு

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்பவர்களுக்காக இரண்டு பனியாறுகளின் கதையைச் சொல்கிறேன்.

மத்திய ஆசியாவின் உயிர் அமு தாரியா, சீர் தாரியா ஆகிய இரண்டு ஆறுகளில் இருக்கிறது. இவை பாமிர், தியான் ஷான் மலைகளின் பனியில் பிறக்கின்றன. வசந்தத்தில் பனி உருகி ஆறு நிறையும். கோடையின் பிற்பகுதியில் பனி தீர்ந்துபோகும். பருத்திக்கும் காய்கறிக்கும் தண்ணீர் மிகவும் தேவைப்படும் அந்த வாரங்களில்தான் பனியாறு கை கொடுக்கும். ஆகவே பனியாற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது உழவர்களின் கேள்வி.

பனியாற்றை வங்கிக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் விழும் பனி வரவு. கோடையில் உருகி ஓடுவது செலவு. கணக்கு எடுப்பதும் எளிது. கீழ்ப்பகுதியில் பனிக்கட்டிக்குள் துளையிட்டுக் கம்புகளை நடுவார்கள். கோடை முடிவில் போய்ப் பார்த்தால், பனி உருகிய அளவுக்குக் கம்பு வெளியே தெரியும். மேற்பகுதியில் குழி தோண்டிப் புதிய பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் அளப்பார்கள். நம் படிவம் ஒன்று மாணவர் செய்யும் அதே அடர்த்திக் கணக்குதான். இரண்டையும் சேர்த்தால் அந்த ஆண்டின் இருப்பு லாபமா நட்டமா என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் விடாமல் அளக்கவேண்டும். இந்த ஆண்டு விட்டுவிட்டு அடுத்த ஆண்டு போய்ச் சென்ற ஆண்டின் கம்பை அளக்க முடியாது.

முதல் கதை துயுக்சு பனியாறு. கஜகஸ்தானின் அல்மாட்டி நகருக்கு மேலே இருக்கிறது. அங்கே 1957-இல் தொடங்கிய அளவீடு இன்றுவரை நடக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்த ஆண்டுகளிலும் உள்ளூர் ஆய்வாளர்கள் மலையேறிக் கம்புகளை அளந்தார்கள். உலகில் இவ்வளவு நீண்ட தொடர் அளவீடு கொண்ட பனியாறுகள் மிகக் குறைவு.

இரண்டாவது கதை கிர்கிஸ்தானின் தென்மேற்கே உள்ள அப்ரமோவ் பனியாறு. அங்கே 1967 முதல் கணக்கெடுத்தார்கள். ஒன்றியம் உடைந்தபின் பணமும் ஆளும் குறைந்தன. 1999-இல் ஆயுதக் குழு ஒன்று அந்த வட்டாரத்துக்குள் நுழைந்தபோது ஆய்வு நிலையம் அழிக்கப்பட்டது. அளவீடு நின்றது. 2011-இல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி விஞ்ஞானிகளும் கிர்கிஸ் விஞ்ஞானிகளும் சேர்ந்து மீண்டும் தொடங்கினார்கள். நடுவில் பன்னிரண்டு கோடைகள். விண்கோளப் படங்களையும் கணினி மாதிரிகளையும் கொண்டு அந்த இடைவெளியை மதிப்பிடலாம். கம்பை வைத்து அளந்தது போல ஆகாது.

அப்ரமோவ் நின்றதற்குச் சண்டையும் காரணம். அதை மறைக்கவில்லை. ஆனால் மத்திய ஆசியாவின் மற்ற பல பனியாறுகளில் சண்டை எதுவும் நடக்காமலே 1990-களில் அளவீடு நின்றது. சம்பளம் இல்லை, ஆள் இல்லை. அவ்வளவுதான்.

அளவீடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1998 ஜூலையில், கிர்கிஸ்தானால் சூழப்பட்ட ஷாஹிமர்தான் எனும் உஸ்பெக் பகுதியை மலை மேலிருந்து வந்த பனிநீர் வெள்ளம் அடித்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுபக்கம், 1973-இல் துயுக்சு பனியாற்றடி ஏரி உடைந்து சேற்று வெள்ளம் அல்மாட்டியை நோக்கிப் பாய்ந்தபோது, மெடேவ் அணை அதைத் தடுத்து நகரத்தைக் காத்தது. மலையைப் படித்தவர்கள் அருகில் இருந்ததால் அணை அங்கே இருந்தது.

பனி மட்டுமா போனது?

பனித்தூண் முதல் பயணி அல்ல. அதற்கு முன்பும் மத்திய ஆசியாவின் செல்வங்கள் அறிவியலுக்காக வெளியே போயிருக்கின்றன.

14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அழித்த ‘கறுப்புச் சாவு’ எனும் பிளேக் நோய் எங்கே தொடங்கியது என்பது நீண்டகாலப் புதிர். 2022-இல் ஒரு முக்கியமான விடை வந்தது. கிர்கிஸ்தானின் இஸ்ஸிக்குல் ஏரி வட்டாரத்தில் பழைய கல்லறைகள் உண்டு. அவற்றுள் சில 1338, 1339-ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயால் இறந்தவர்களுடையவை என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த எலும்புக்கூடுகளின் பற்களில் பிளேக் கிருமியின் டி.என்.ஏ. கிடைத்தது. பற்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே தோண்டி எடுக்கப்பட்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தன. ஆய்வு நடந்தது பெரும்பாலும் ஜெர்மனியில்.

ஆப்பிளின் கதையும் அப்படித்தான். நாம் சந்தையில் வாங்கும் ஆப்பிளின் முக்கிய மூதாதை, தியான் ஷான் மலைச்சரிவில் வளரும் காட்டு ஆப்பிள். அதன் தாயகம் கஜகஸ்தான் பக்கம் என்று 1929-இல் அங்கே போய்ப் பார்த்துச் சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கலாய் வாவிலோவ். அந்தக் காடுகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து காத்தவர் கஜக் விஞ்ஞானி அய்மாக் ஜங்கலியேவ். 1989 முதல் 1996 வரை அமெரிக்க வேளாண் துறையின் குழுக்கள் அங்கே போய் விதைகள் சேகரித்தன. அவற்றிலிருந்து வளர்ந்த மரங்கள் இன்று நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா நகரில் நிற்கின்றன. ஆப்பிளைத் தாக்கும் நோய்களை எதிர்க்கும் குணத்தை அவற்றில் தேடுகிறார்கள்.

இதையெல்லாம் திருட்டு என்று நான் சொல்லவில்லை. அனுமதியோடு, கூட்டாக நடந்த நல்ல வேலைகள் இவற்றில் உண்டு. காடு அழிந்தாலும் மரபணு எங்கோ பத்திரமாக இருப்பது உலகத்துக்கு நன்மை. பனித்தூண் அண்டார்க்டிகாவில் கிடப்பதும் நன்மை. என் கேள்வி வேறு. கல்லறை, காடு, பனி மூன்றும் மத்திய ஆசியாவில் இருக்க, அவற்றை ஆராயும் கருவியின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்த மண்ணின் பிள்ளைகள்? உட்கார்ந்து படித்தவர்களில் எத்தனை பேர் திரும்பிப் போய் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது?

அப்துஸ் சலாம் கண்ட வழி

இந்தச் சிக்கலைத் தன் வாழ்க்கையில் அனுபவித்து, அதற்கு மருந்தும் கண்டுபிடித்தவர் ஒருவர் இருக்கிறார்: 1979-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பாகிஸ்தானியர் அப்துஸ் சலாம்.

அவரும் உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போனவர். 1951-இல் நாடு திரும்பி லாகூரில் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தார். ஆராய்ச்சியை மறந்துவிடுங்கள் என்று சொல்லப்பட்டது. கல்லூரி விடுதிக் காப்பாளர், கணக்குப் பார்ப்பவர், காற்பந்துக் குழுத் தலைவர் ஆகிய மூன்று பொறுப்புகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் காற்பந்தைத் தேர்ந்தெடுத்தார். பேசுவதற்கு வேறோர் இயற்பியலாளர் இல்லை. புதிய ஆய்விதழ்கள் இல்லை. மூன்று ஆண்டுகளில், 1954-இல், மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே போனார். இயற்பியலா, நாடா என்று தேர்வு செய்யவேண்டிய நிலை.

அந்த வலியிலிருந்து பிறந்ததுதான் 1964-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அவர் அமைத்த அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையம். அதில் ‘அசோசியேட்’ எனும் திட்டம் உண்டு. வளரும் நாட்டு விஞ்ஞானி தன் நாட்டிலேயே வேலை செய்வார். சில ஆண்டுகளுக்குள் பலமுறை திரியெஸ்தே வந்து, சில வாரங்கள் தங்கி, ஆராய்ச்சியைப் புதுப்பித்துக்கொண்டு திரும்புவார். செலவை மையம் பார்த்துக்கொள்ளும். நாட்டை விட்டு ஓடாமலே உலக அறிவியலோடு இருக்க ஒரு வழி. அறுபது ஆண்டுகளாக நடக்கிறது. ஜெர்மனியின் ஹம்போல்ட் அறநிதியமும் தன்னிடம் ஆய்வு செய்து நாடு திரும்புகிறவர்களுக்குத் தனி உதவித்தொகை தருகிறது. ஆகவே நான் கேட்பது யாரும் செய்யாத புதுமை அல்ல.

என்ன செய்யலாம்?

முதலாவது, அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பவர், படிப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கான ‘திரும்பும் தொகை’யையும் அதே கடிதத்தில் உறுதி செய்யவேண்டும். சொந்த நாட்டில் சம்பளம், சிறு கருவிகள், ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஆய்வுக்கூடத்துக்குப் போய்வரும் செலவு. வெளிநாட்டில் ஓராண்டுக்கு ஆகும் செலவில் இதில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம் என்பது என் கணிப்பு. பனியாற்றில் கம்பு நடுவதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஆண்டுதோறும் மலையேற ஓர் ஆளும் அவருக்குச் சம்பளமும் வேண்டும்.

இரண்டாவது, மாதிரி போகும்போது மாணவரும் போகவேண்டும். ஒரு நாட்டின் பனி, பல், விதை, மண் எது ஆய்வுக்காக வெளியே போனாலும், அதோடு அந்த நாட்டு மாணவர் ஒருவருக்கு அதே ஆய்வுக்கூடத்தில் முழு உபகாரச் சம்பளத்துடன் இடம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, ஐந்து நாடுகளும் ஐந்து விலையுயர்ந்த ஆய்வுக்கூடங்கள் கட்டவேண்டியதில்லை. அல்மாட்டியில் யுனெஸ்கோ ஆதரவில் மத்திய ஆசிய வட்டாரப் பனியாற்று மையம் ஏற்கெனவே இருக்கிறது. தஜிகிஸ்தானின் ஹோரோக்கிலும் கிர்கிஸ்தானின் நாரினிலும் மத்திய ஆசியப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் இருக்கின்றன. மலைப் பிள்ளைகளுக்காக மலையிலேயே கட்டப்பட்டவை அவை. திரும்பி வருகிறவர்களுக்கு இவற்றில் இடம் ஒதுக்கலாம்.

நான்காவது, விண்ணப்பிக்கும் செலவையும் திட்டமே ஏற்கட்டும். ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்தை முதலில் கொடுத்துவிட்டு, தேர்ச்சி பெறாவிட்டாலும் திருப்பிக் கேட்காத திட்டம்தான் ஹோரோக் பிள்ளையை உள்ளே அழைக்கும்.

கஜகஸ்தான் தன் அனுபவத்தில் கற்றுக்கொண்டே வந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2010-இல் நாட்டிலேயே நசர்பாயேவ் பல்கலைக்கழகத்தைத் திறந்தபின், இளங்கலைக்கு வெளியே அனுப்புவதை நிறுத்திக்கொண்டு மேற்படிப்பில் கவனம் வைத்தார்கள். ஏற்கெனவே வேலையில் உள்ள விஞ்ஞானிகளைக் குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பும் திட்டத்தையும் சேர்த்தார்கள். வேலை உள்ளவர் போனால் திரும்பி வர அவருக்கு ஓர் இடம் காத்திருக்கும். சரியான திசை இது.

மறுப்பவர்களுக்கு

“அறிவியலுக்கு எல்லை ஏது? கெட்டிக்காரர் எங்கே சிறப்பாக வேலை செய்வாரோ அங்கே இருக்கட்டுமே” என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. லாகூரில் காற்பந்துக் குழுவோடு இருந்திருந்தால் சலாமுக்கு நோபல் கிடைத்திருக்காது. யாரையும் கட்டிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டை ஈடு வைக்கச் சொல்வதைவிட, திரும்பி வர ஆசைப்படுகிறவருக்கு வழி செய்வது மேல் என்றுதான் சொல்கிறேன். அதற்குப் பின்னும் ஒருவர் வெளியே இருக்க விரும்பினால் அது அவர் தேர்வு. இன்று பலருக்கு அந்தத் தேர்வே இல்லை.

மறுபாதி இதுதான்: பிளேக் கிருமியை எந்த நாட்டு ஆய்வுக்கூடத்திலும் படிக்கலாம். பனியாற்றுக் கம்பை அந்த மலையில்தான் அளக்க முடியும். வெளிநாட்டுக் குழுவின் நிதி மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். மலையடியில் வாழ்கிறவர்தான் முப்பது ஆண்டுகள் ஏறுவார். துயுக்சு அதற்குச் சாட்சி.

ஐக்கிய நாடுகள் மன்றம் 2025-ஆம் ஆண்டைப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாக அறிவித்தது. தஜிகிஸ்தான் முன்னின்று கொண்டுவந்த யோசனை அது. மார்ச் 21 இனி ஆண்டுதோறும் உலகப் பனியாறு நாள். நாள் குறித்தாகிவிட்டது. அளக்கும் ஆளையும் குறிக்கவேண்டும்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் உபகாரச் சம்பளப் பாரத்தோடு உங்கள் முன் வந்து நிற்கும். எவ்வளவு தொகை, எந்த நாடு, எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்று பார்ப்போம். இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: படித்து முடித்துத் திரும்பினால், படித்ததைச் செய்ய எங்கே இடம்? நேர்முகத்தில் பிள்ளையே இதைக் கேட்கட்டும். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

என் மாணவியிடம் மறுவாரம் சொன்னேன்: ஆமாம், இன்றைக்கு அந்த ஊர் பிள்ளை ஜப்பானுக்குப் போய்த்தான் தன் மலையின் பனியைப் படிக்கவேண்டும். போகட்டும், நன்றாகப் படிக்கட்டும். திரும்பி வந்து தன் ஊரிலேயே அடுத்த பனித்தூணைப் படிக்கும் நாள் வரவேண்டும் என்று.

“அதற்கு யார் பணம் கொடுப்பார்கள், டீச்சர்?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. உபகாரச் சம்பளம் கொடுப்பவர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி.